மின் வேலை – கேள்வியும் பதிலும்: அவசர ரேடியோப் பெட்டியின் பெட்டரி

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தோட்டங்களில் மழைக்கால அவசரத்துக்கென்று கட்டி வைத்திருக்கும் ரேடியோப் பெட்டியைப் பற்றியும் அதற்குள் இருக்கும் சீல் பெட்டரியை, அதாவது முழுக்க மூடிய ஈய பெட்டரியைப் பற்றியும்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் பல இடங்களில் கரண்டும் போனும் சேர்ந்தே போயின. அப்படிப்பட்ட இரவில் மண்சரிவு எச்சரிக்கை நம் லயன் வீடுகளுக்கு வந்து சேர ரேடியோவை விட்டால் வேறு வழி குறைவு. தேயிலைத் தொழிற்சாலையில் மின் வேலை பார்த்த காலம் முழுக்க நான் பெட்டரிகளோடு பழகியவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஐயா, எங்கள் வாலிபர் சங்கப் பெட்டியில் ஒரு ரேடியோ, ஒரு எல்ஈடி லைட், 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி சீல் பெட்டரி இருக்கின்றன. போன மழைக்குப் பாவித்துவிட்டுக் கோயில் அறையில் வைத்துவிட்டோம். இப்போது சார்ஜ் போட்டுப் பார்த்தால் மீட்டர் 12.8 காட்டுகிறது. ஆனால் லைட் கொஞ்ச நேரத்திலேயே மங்கிவிடுகிறது. மீட்டர் பிழையா?
– வாசகர், தலவாக்கலை

மீட்டர் சரிதான், தம்பி. சும்மா இருக்கும் பெட்டரியில் எத்தனை வோல்ட் என்று மட்டும்தான் அது சொல்லும். எத்தனை மணி நேரம் தாங்கும் என்று சொல்லாது. பெட்டரியில் எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்பதைக் குறிப்பதுதான் ஆம்பியர்-மணி.

உங்கள் பெட்டரி கெட்டது மழையில் இல்லை, அதற்குப் பிறகு கோயில் அறையில்தான். பாவித்த பெட்டரியைச் சார்ஜ் ஏற்றாமல் வைத்தால் உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து, நாளாக ஆக இறுகிவிடும். இறுகிய பகுதி பிறகு சார்ஜை வாங்காது. மிச்சமிருக்கும் கொஞ்ச இடம் சீக்கிரமே நிரம்பிவிடுவதால் மீட்டரும் 12.8 காட்டிவிடும். அவசரப் பெட்டியின் பெட்டரிகளில் முக்கால்வாசி இப்படித்தான் வீணாகின்றன என்பது என் அனுபவம். பாவித்த அன்றைக்கே, கரண்ட் இல்லையென்றால் கரண்ட் வந்த உடனே, திருப்பிச் சார்ஜில் போடுங்கள். இந்த ஒன்றை மட்டும் யாரும் தள்ளிப் போட வேண்டாம்.

நல்ல பெட்டரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. முழுசாகச் சார்ஜ் ஏற்றி, சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் விடுங்கள். பிறகு காரின் சிக்னல் பல்ப் ஒன்றை, 12 வோல்ட் 21 வாட் என்று போட்டிருக்கும், அதை மாட்டி எரிய விடுங்கள். பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போதே பெட்டரி முனையில் மீட்டரை வைத்துப் பாருங்கள். 10.5 வோல்டுக்கு இறங்கியதும் நிறுத்திவிட வேண்டும். அதற்குக் கீழே விட்டால் பெட்டரிக்குக் கேடு. புது 7 ஆம்பியர்-மணி பெட்டரி ஏறக்குறைய மூன்று மணி நேரம் தாங்கும். நம் குளிரில் கொஞ்சம் குறையலாம். ஒன்றரை மணிக்குள்ளேயே 10.5க்கு வந்துவிட்டால் வேறு வாங்குங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது தேறாது. பரிசோதனை முடிந்ததும் மறுபடி சார்ஜில் போட மறக்காதீர்கள்.

கராஜில் இருக்கும் பெரிய சார்ஜரில் அரை மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன் என்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகர், அப்புத்தளை

கொடுக்காதீர்கள். அது லொறி பெட்டரிக்கு உள்ள சார்ஜர். உங்கள் பெட்டரியின் பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சடித்திருப்பதைப் படித்துப் பாருங்கள். 7 ஆம்பியர்-மணி பெட்டரிக்குப் பெரும்பாலும் 2.1 ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது என்று இருக்கும். 0.7 ஆம்பியர் அளவில் மெதுவாக ஏற்றுவதையே நான் விரும்புவேன். ஒரு இரவு போகட்டும், பரவாயில்லை.

வோல்ட்டும் முக்கியம். பாவித்துவிட்டுத் திருப்பி ஏற்றுவதற்கு 14.4 முதல் 14.7 வரை போதும். நிரம்பியதும் சார்ஜரைக் கழற்றிவிட வேண்டும். எப்போதும் மாட்டியே வைக்கும் சார்ஜர் என்றால் 13.5க்கும் 13.8க்கும் இடையில் நிற்க வேண்டும். இந்தக் கணக்கு 25 பாகை செல்சியஸுக்கு உள்ளது. குளிரான இடத்தில் ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.02 வோல்ட் கூட்ட வேண்டும். அறை 15 பாகையில் இருந்தால் 13.8 அல்லது 13.9 சரியாக இருக்கும். கொழும்பில் சரிப்படுத்தி அனுப்பிய சார்ஜர் நம் ஊரில் பெட்டரியை முழுசாக நிரப்பாமல் விடுவதற்கு இது ஒரு காரணம்.

அதிகமாக ஏற்றினால் பெட்டரிக்குள் வாயு சேர்ந்து வால்வு வழியாக வெளியேறும். அத்தோடு தண்ணீரும் குறைந்துபோகும். சீல் பெட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வழியில்லை. பக்கம் வீங்கிய பெட்டரியைத் தொடர்ந்து பாவிக்காதீர்கள். வெளியேறும் வாயுவில் ஹைட்ரஜன் இருப்பதால், காற்றுப் புகாத பெட்டிக்குள் வைத்துச் சார்ஜ் ஏற்றவும் கூடாது. மூடியைத் திறந்து வையுங்கள், விளக்கோ அடுப்போ பக்கத்தில் வேண்டாம்.

எங்கள் பாடசாலையில் பெட்டரி குளிரில் செத்துவிடும் என்று சமையலறை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்றும் சொல்கிறார்கள். உண்மையா?
– ஆசிரியை, நுவரெலியா

தயவுசெய்து இன்றைக்கே அடுப்படியிலிருந்து எடுத்துவிடுங்கள், டீச்சர். சூடுதான் பெட்டரிக்கு எமன். வெப்பம் 10 பாகை கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். குளிரில் எடுத்துப் பாவிக்கும்போது கொஞ்சம் குறைவாகத் தரும், அவ்வளவுதான். எடுத்து வைப்பதற்கு நுவரெலியாக் குளிர் நல்லது. சும்மா இருக்கும் பெட்டரி தானாகவே மாதத்துக்கு 3 வீதம் அளவில் இழக்கும் என்பார்கள், குளிரில் அது இன்னும் குறையும். முழு சார்ஜில் இருக்கும் பெட்டரியை நம் ஊர் உறைபனி ஒன்றும் செய்யாது.

தரைக் கதையை மறந்துவிடுங்கள். இப்போதைய பிளாஸ்டிக் உறைக்கு அது பொருந்தாது. ஆனால் தரை ஈரம் முனைகளில் துருப்பிடிக்க வைக்கும், அதனால் பலகை மேல் வைப்பது நல்லதுதான். முனைகளைத் துடைத்துக் கொஞ்சம் வாசலின் பூசுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை சார்ஜ் போடுங்கள். மழைக்கு முன்னால் பல்ப் பரிசோதனையும் செய்யுங்கள்: ஹட்டன், நுவரெலியாப் பக்கம் ஏப்ரல் கடைசியில், பதுளைப் பக்கம் செப்டம்பரில். மீரியபெத்தையில் மண் சரிந்தது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி என்பதை ஊவாவில் யாரும் மறக்கவில்லை.

இதே பெட்டரியில் பேசுகிற ரேடியோ, அதாவது வயர்லெஸ், ஓடுமா?
– வாசகர், பண்டாரவளை

கையில் பிடிக்கும் சிறிய 5 வாட் செட்டுக்குப் போதும். வாகனத்தில் பூட்டும் 50 வாட் செட் பேசும்போது 10 ஆம்பியர் அளவில் இழுக்கும். 7 ஆம்பியர்-மணிப் பெட்டரி அதற்குத் தாங்காது. பவரைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது பெரிய பெட்டரி போடுங்கள். எந்த வயர்லெஸ் செட்டாக இருந்தாலும் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும்.

பழைய பெட்டரியை என்ன செய்வது? புதியதைப் பொருத்தும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?
– வாசகர், நோர்வூட்

பழையதை உடைக்காதீர்கள். உள்ளே அமிலமும் ஈயமும் இருக்கின்றன, ஈயம் பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். பழைய பெட்டரி எடுக்கும் கடையில் முழுசாகவே கொடுத்துவிடுங்கள்.

புதியதில், பிளஸ் முனைக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட ஒரு பியூஸ் போடுங்கள். ரேடியோவுக்கும் லைட்டுக்கும் 3 ஆம்பியர் போதும். மேலே சொன்ன 21 வாட் பல்பையும் அது தாங்கும். அப்புறம், வாங்கிய மாதத்தையும் வருடத்தையும் பெட்டரி மேலேயே அழியாத பேனாவால் எழுதி வையுங்கள்.