மது சோதனைக் கருவி 42 காட்டியது: அபராதமா, வழக்கா?

கேள்வி: இரவுச் சோதனையில் என் தம்பியை ஊதச் சொன்னபோது கருவி 42 காட்டியதாம். இருமல் மருந்துதான் குடித்தேன் என்கிறான். அபராதம் கட்டிவிடலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவின்படி, 100 மில்லி இரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம்; உங்கள் தம்பிக்குக் கருவி காட்டிய 42 அந்த வரம்பைத் தாண்டியது. முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அது தண்டனையாகவே பதிவாகும் என்பதையும், மறுமுறை சிக்கினால் சிறை இரண்டு ஆண்டு வரை நீளும் என்பதையும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இருமல் மருந்து என்ற வாதம் மட்டும் நிற்காது. மருத்துவச் சீட்டும், இரத்தப் பரிசோதனை முடிவும் இருந்தால்தான் அதற்கு வலு. கருவி கொடுத்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள நேரம், வண்டி எண், கருவி எண் ஆகியவை வழக்கு ஆவணத்தோடு பொருந்துகின்றனவா என்று வழக்கறிஞர் ஒப்பிட வேண்டும். அக்கருவி முறையாக அளவு சரிபார்க்கப்பட்டதற்கான சான்றிதழையும் நீதிமன்றத்தில் கேட்கலாம். கைது செய்திருந்தால், இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவர் முன் நிறுத்தினார்களா என்பது முக்கியம் (202ஆம் பிரிவு). வண்டியை ஓட்டியதோ ஓட்ட முயன்றதோ நிரூபிக்கப்படாவிட்டால் வழக்கு நிற்காது.