மூன்று பேட்டரி கேட்கும் கடைக்காரர் ஏமாற்றுகிறாரா?

கேள்வி (ஓசூர்): இரண்டு அவுட்போர்டு இன்ஜின் (படகின் பின்புறத்தில் வெளியே மாட்டும் இன்ஜின்) உள்ள பழைய படகு ஒன்றை வாங்கிப் புதுச்சேரியில் நிறுத்தியிருக்கிறேன். ஒரே பெரிய பேட்டரி போதும் என்கிறார் மெக்கானிக். கடைக்காரரோ மூன்று பேட்டரி, மூன்று சுவிட்ச், ஒரு ரிலே என்று பட்டியல் போடுகிறார். யாரை நம்புவது?

பதில்: கடைக்காரரை நம்புங்கள். இந்தப் பகுதியில் நான் அடிக்கடி எழுதும் வாக்கியம் அல்ல இது. ஒரு இன்ஜின் நின்றாலும் மற்றதைக் கொண்டு கரை சேரலாம் என்பதற்காகவே இரண்டு வைக்கிறோம். இரண்டையும் ஒரே பேட்டரியில் கட்டினால், அது படுக்கும் நாளில் இரண்டும் சேர்ந்து படுத்துவிடும். ஆகவே ஒவ்வொரு இன்ஜினுக்கும் செல்ஃப் எடுக்கத் தனிப் பேட்டரியும் தனி மெயின் சுவிட்சும் வேண்டும். விளக்கு, வானொலி, மீன் காட்டும் கருவி போன்றவற்றுக்கு மூன்றாவதாக, நெடுநேரம் சீராக மின்சாரம் தரும் டீப் சைக்கிள் பேட்டரி ஒன்றும் அதற்கொரு சுவிட்சும் வேண்டும். நங்கூரமிட்டு இரவெல்லாம் விளக்கெரித்தாலும் காலையில் இன்ஜின் கிளம்புவது இந்தப் பிரிவினையால்தான். ரிலே வீண் செலவு அன்று. இன்ஜின் ஓடி, அதன் பேட்டரி ஏறக்குறைய 13.3 வோல்ட்டைத் தொட்ட பிறகே அது மூன்றாவது பேட்டரியைச் சார்ஜில் சேர்க்கும், 12.8 அளவுக்கு இறங்கினால் பிரித்துவிடும்.

பட்டியலில் விடுபட்ட இரண்டை நீங்களே கேட்டு வாங்குங்கள். ஒன்று, ஒரு பேட்டரி படுத்தால் மற்றதிலிருந்து செல்ஃப் எடுக்க உதவும் அவசர இணைப்புச் சுவிட்ச். மற்ற நேரமெல்லாம் அது ஆஃபிலேயே இருக்க வேண்டும். மற்றொன்று, எல்லாப் பேட்டரிகளின் நெகட்டிவ் முனைகளையும் இரண்டு இன்ஜின்களின் நெகட்டிவையும் ஒன்றாகக் கட்டும் தடித்த கேபிள். இது இல்லாத படகில் அவசரச் சுவிட்சைத் திருப்பினால், செல்ஃப் மோட்டார் இழுக்கும் மின்சாரம் கிடைத்த மெல்லிய வயர் வழியாகத் திரும்ப முயன்று அதைக் கருக்கிவிடும். பலர் சிவப்புக் கேபிளுக்குத் தாராளமாகச் செலவழித்துவிட்டுக் கறுப்புக் கேபிளில் கஞ்சத்தனம் செய்கிறார்கள்.

கேள்வி (காவேரிப்பட்டணம்): எந்தப் பேட்டரி என்று தேர்ந்தெடுக்கும், 1, 2, இரண்டும், ஆஃப் என நான்கு நிலை உள்ள சுவிட்சை இன்ஜின் ஓடும்போதே ஆஃபுக்குத் திருப்பலாமா?

பதில்: கூடாது, சார்ஜ் செய்யும் பகுதியின் டையோடுகள் போய்விடும்.

கேள்வி (கிருஷ்ணகிரி): படகுக்கு என்று சொல்லித்தான் பெங்களூருவில் ஒரு கடையில் இரண்டு பேட்டரி வாங்கினேன். ‘60 மாத வாரண்டி’ என்றார்கள். ஓராண்டுக்குள் ஒன்று செயலிழந்தது. வாரண்டி கார்டில் ஒரு கார் மாடலை அவர்களே எழுதியிருக்கிறார்கள்; இப்போது, ‘காரில் போடாததால் வாரண்டி இல்லை’ என்கிறார்கள். கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும்?

பதில்: உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. என்ன பயன்பாட்டுக்கு என்று சொல்லி வாங்கியிருக்கிறீர்கள். அதற்குப் பொருந்தாத பொருளை விற்றதும், கார்டில் பொய்யான மாடலை எழுதியதும் அவர்கள். படகுக்கு என்று கேட்டதற்கான குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் உரையாடல் எதுவாக இருந்தாலும் அழிக்காமல் வையுங்கள். முதலில் கடைக்கும் தயாரிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிவு செய்யுங்கள். பயன் இல்லையெனில் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே புகார் அளிக்கலாம் என்பதால் பெங்களூருவுக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும்.

அந்த ‘60 மாதம்’ என்னும் சொல்லைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் எனக்கு அதன்மேல் பழைய கோபம் உண்டு. பல பேட்டரிகளில் அந்த எண் இரண்டு பாதிகளின் கூட்டுத்தொகை. முதல் பாதியில் பழுதானால் இலவசமாக மாற்றித் தருவார்கள். இரண்டாம் பாதியில் புதிய பேட்டரியின் விலையில் கழிவு (தள்ளுபடி) மட்டுமே தருவார்கள். அந்தக் கழிவையும் எம்.ஆர்.பி.யில்தான் கணக்கிடுவார்கள். எம்.ஆர்.பி. 15,000 ரூபாய், கழிவு 30 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 10,500 ரூபாய் கட்ட வேண்டும், பழைய பேட்டரியையும் அவர்களிடமே விட்டுவிட வேண்டும். வாரண்டியே இல்லாமல் எதிர்க் கடைக்குப் போய்ப் பழையதை எடைக்குக் கொடுத்துப் புதிது கேட்டால், பேரம் பேசி ஏறக்குறைய அதே விலைக்கு வாங்கலாம். என் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி இப்படித்தான் இரண்டாம் பாதியில் படுத்தது. வாரண்டியில் மாற்றியதைவிட வெளியில் வாங்கியிருந்தால் எனக்குச் சில நூறு ரூபாய் மிஞ்சியிருக்கும். எனவே கடையில் நிற்கும்போதே, ‘இலவச மாற்று எத்தனை மாதம்?’ என்று மட்டும் கேளுங்கள். அந்த எண்ணையும், ‘படகுப் பயன்பாட்டுக்கு’ என்னும் சொற்களையும், பேட்டரியின் வரிசை எண்ணையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி (தருமபுரி): மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஊருக்கு வந்தேன். மழையில் படகுக்குள் நீர் ஏறி, இன்ஜின் வயரிங் நனைந்துவிட்டது. தானியங்கிப் பம்ப் இருந்தும் ஏன் ஓடவில்லை?

பதில்: பம்ப்பையும் மெயின் சுவிட்சுக்குப் பின்னால் இணைத்திருக்கிறார்கள். படகின் அடியில் தேங்கும் நீரை இறைக்கும் பம்ப்பும் அதன் மிதவைச் சுவிட்சும் மட்டும் மெயின் சுவிட்சைத் தொடாமல், தனி ஃபியூஸ் வழியாகப் பேட்டரியிலிருந்து நேராக வர வேண்டும். ஃபியூஸ் பேட்டரிக்கு அருகிலேயே, ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். பொருத்தியவர் கூலி வாங்கியதற்கு ரசீது இருந்தால், சேவைக் குறைபாடு என்று அவரிடம் இழப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி (பாலக்கோடு): இணையத்தில் பார்த்து, பில் இல்லாமல் பாதி விலைக்கு ஒரு லித்தியம் பேட்டரி வாங்கி, பழைய லெட்-ஆசிட் பேட்டரியோடு இணையாகக் கட்டினேன். இன்ஜினின் சார்ஜ் பகுதி மிகவும் சூடாகிறது. பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?

பதில்: யாரிடமிருந்து? பில் தராமல் விற்பதைச் சட்டம் நேர்மையற்ற வணிக முறை என்கிறது. ஆனால் விற்றவரின் முகவரியே உங்களிடம் இல்லாதபோது அந்தச் சட்டப்பிரிவை நான் யார் வீட்டுக் கதவில் ஒட்டுவது? பணத்தை விடுங்கள், அந்த இணைப்பை இன்றே கழற்றுங்கள். லெட்-ஆசிட் நிரம்ப நிரம்ப மின்சாரம் எடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். லித்தியம் ஏறக்குறைய நிரம்பும்வரை கொடுப்பதையெல்லாம் இழுக்கும். சிறிய அவுட்போர்டின் சார்ஜ் பகுதி அதற்கு ஈடுகொடுக்காது. லித்தியம்தான் வேண்டுமென்றால், இன்ஜினுக்கும் அதற்கும் இடையில், இழுக்கும் மின்சாரத்துக்கு வரம்பு வைக்கும் டிசி-டிசி சார்ஜர் வைத்து, விளக்குகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அதற்காவது பில் வாங்குங்கள்.

கேள்வி (பென்னாகரம்): வெல்டிங் கேபிளைப் பேட்டரிக்குப் பயன்படுத்தலாமா? கனமாகத்தானே இருக்கிறது?

பதில்: உப்புநீரில் வேண்டாம். ஈயம் பூசாத செம்பு உறைக்குள்ளேயே பச்சை பூத்து அரித்துப்போகும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

கேள்வி (ஊத்தங்கரை): எங்கள் விடுதி விருந்தினருக்காக வாங்கிய படகின் சுவிட்ச் பலகை பழுது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். நீங்களே ஓட்டிப் பிழைக்கும் சுயதொழில் என்றால் விலக்கு உண்டு. விடுதி நடத்துபவருக்கு அந்த வாதம் நிற்பது கடினம். உரிமையியல் நீதிமன்றம் செல்வதற்கு முன் வழக்கறிஞரிடம் பில்லைக் காட்டுங்கள்.