பழைய தண்ணீர் பாட்டிலைச் சுத்தம் செய்வது: கேள்வி பதில்

கேள்வி (வேளச்சேரி): பரணில் கிடந்த பிளாஸ்டிக் பாட்டிலை வெந்நீரில் பலமுறை அலசியும் உட்புறம் வழுவழுப்பாகவே இருக்கிறது. கிருமிநாசினி ஊற்றினால் போதுமா?

பதில்: போதாது. அந்த வழுவழுப்பு, நுண்ணுயிரிகள் தம்மைச் சுற்றிச் சுரந்துகொள்ளும் பசைப்படலம். அதைத் தேய்த்து எடுக்காமல் எந்த மருந்தை ஊற்றினாலும் மேலே இருப்பவை மடியும், அடியில் இருப்பவை பிழைத்து மீண்டும் பெருகும். முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தையும் வெதுவெதுப்பான நீரையும் விட்டு, நீண்ட கைப்பிடியுள்ள பிரஷால் அடிமூலை வரை தேய்க்க வேண்டும். வாய் குறுகலாக இருந்தால் ஒரு பிடி அரிசியைப் போட்டு, சிறிது நீருடன் நன்றாகக் குலுக்கலாம். அதன் பிறகுதான் கிருமிநீக்கம்: வாசனை சேர்க்காத, 5 சதவீத அளவிலான திரவ ப்ளீச்சை 1 லிட்டர் நீருக்கு 1 தேக்கரண்டி வீதம் கலந்து, பாட்டிலை நிரப்பிச் சில நிமிடங்கள் வைத்துவிட்டு, வாசம் போகும்வரை நல்ல நீரில் அலசவும். பிளீச்சிங் பவுடர் இதைவிடப் பல மடங்கு செறிவானது என்பதால் இந்த அளவு அதற்குப் பொருந்தாது.

கேள்வி (பெரம்பூர்): ஐயா, ஆர்.ஓ. தண்ணீரைத் தவிர வேறெதையும் ஊற்றாத பாட்டிலில் நாற்றம் வருவது எப்படி?

பதில்: மெட்ரோ தண்ணீரில் குளோரின் கலந்திருக்கும், ஆர்.ஓ. கருவியிலுள்ள கரி வடிகட்டி அதை நீக்கிவிடுகிறது. எனவே வாய் வைத்துக் குடிக்கும்போது உமிழ்நீரோடு உள்ளே போகும் கிருமிகள் தடையின்றி வளர்கின்றன. ஆனால், என் கணிப்பில் உங்கள் நாற்றம் பாட்டிலில் இல்லை, மூடியில் இருக்கிறது. மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தை ஒரு தேக்கரண்டியின் காம்பால் நெம்பி எடுத்துப் பாருங்கள். அதன் அடியில் கறுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ படிவு இருக்கக்கூடும். வளையத்தையும் மரையையும் ஸ்ட்ராவையும் தனித்தனியே, பழைய பல் துலக்கியால் தேய்க்க வேண்டும். கறுப்புப் புள்ளிகள் போகவில்லையென்றால் வளையத்தை மாற்றுவதே நல்லது. கழுவியதும் மூடியைத் திருகிவிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்: சென்னையின் புழுக்கத்தில் மூடிய பாட்டில் உலரவே உலராது. கவிழ்த்து, அடியில் காற்றுப் புகும்படி சாய்த்து, இரவு முழுவதும் விடவும்.

கேள்வி (தாம்பரம்): எங்களுடையது போர் தண்ணீர். எவர்சில்வர் பிளாஸ்க்கினுள் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. ப்ளீச் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம், குளோரின் எவர்சில்வரில் நுண்குழிகளை உண்டாக்கும். உங்களுடையது அழுக்கும் அன்று, உப்புநீர் விட்டுச்சென்ற சுண்ணாம்புப் படிவு. வினிகரையும் வெந்நீரையும் சம அளவில் ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவிட்டால் கரைந்துவிடும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் அமிலம்) இதற்கு உதவும். கரையும்போது வாயு வெளிவருவதால் மூடியைப் போடக் கூடாது. வினிகரையும் ப்ளீச்சையும் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள்: நச்சான குளோரின் வாயு கிளம்பும். பிளாஸ்க்கைக் கொதிநீரில் போட்டு வேகவைப்பதும் கூடாது, இரு சுவர்களுக்கு இடையிலுள்ள வெற்றிடம் பழுதாகிவிடலாம்.

கேள்வி (மயிலாப்பூர்): செம்புப் பாட்டிலுக்கு?

பதில்: புளியும் உப்பும் போதும். ஆனால் அதில் எலுமிச்சைச் சாற்றையோ மோரையோ ஊற்றி வைக்காதீர்கள். புளிப்பு செம்பைக் கரைத்துப் பானத்தில் சேர்த்துவிடும்.

கேள்வி (அண்ணா நகர்): எப்போது தூக்கிப் போடுவது?

பதில்: உட்புறம் கீறல் விழுந்து மங்கிய பிளாஸ்டிக்கையும், தேய்த்து உலர்த்திய பின்னும் வாடை அடிப்பதையும் வைத்திருக்க வேண்டாம், கீறலுக்குள் பிரஷ் போகாது. அடியில் 1 என்ற எண் பொறித்த, கடையில் தண்ணீரோடு வாங்கிய பாட்டில் என்றால் இத்தனை பாடு அதற்குத் தேவையில்லை, குப்பை பிரிப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.