103-இல் தொடங்கும் ஐபி பிளாக்கை விலைக்கு வாங்கலாமா?

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் கேபிள் தொழிலிலிருந்து பிராட்பேண்டுக்கு வந்தவர்கள் நாங்கள். சி வகை உரிமம், 1,800 வீட்டு இணைப்புகள். எங்களுக்கு இணையம் தரும் அப்ஸ்ட்ரீம் நிறுவனம் கொடுத்த ஐபியில்தான் இதுவரை ஓட்டுகிறோம். சென்னையில் ஒரு ஹோஸ்டிங் நிறுவனம், 103-இல் தொடங்கும் 256 முகவரிகளை ஒன்று 2,500 ரூபாய் வீதம் 6.4 லட்சத்துக்குத் தருவதாகச் சொல்கிறது. 2022 நவம்பரில் ஐரினில் (இந்தியாவின் ஐபி முகவரிப் பதிவகம்) பெற்ற பிளாக்காம். இப்போதைக்கு எல்ஓஏ (அனுமதிக் கடிதம்) தருகிறோம், பெயர் மாற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். பணம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர்கள் சொல்லும் தேதி சரி என்றால், அந்த பிளாக்கை 2027 நவம்பருக்கு முன் விதிப்படி உங்கள் பெயருக்கு மாற்றவே முடியாது.

103 மற்ற எண்களைப் போன்றதல்ல. ஐபிவி4 முகவரிகளின் உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்து, கடைசி ஐந்து பெரிய பிளாக்குகள் ஐந்து கண்டப் பதிவகங்களுக்கு ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஆசிய பசிபிக் பகுதிக்கான அப்னிக்குக்குக் கிடைத்தது 103. ஒரு கோடியே 67 லட்சம் முகவரிகள். உங்களைப் போலப் புதிதாக வருபவர்களுக்கு வழியில்லாமல் போகக் கூடாதென்று அதை ஒதுக்கி வைத்து, ஒரு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 1,024 என்று அளந்து கொடுத்தார்கள். 2019 முதல் அது 512. ஆனால் வாங்கி விற்பதற்காகவே வந்தவர்களும் இருந்தார்கள். அதைத் தடுக்கத்தான் 2017 செப்டம்பரில் விதி வந்தது: 103-இலிருந்து வழங்கிய முகவரிகளை ஐந்தாண்டுக்குள் வேறொருவருக்கு மாற்றக் கூடாது, தேவையில்லை என்றால் பதிவகத்திடமே திருப்பித் தரவேண்டும். இந்தியாவில் நிக்ஸி (தேசிய இணையப் பரிமாற்ற அமைப்பு) நடத்தும் ஐரினும் அப்னிக் கொள்கையின் கீழ்தான் இயங்குகிறது.

தேதியை அவர்கள் வாயால் கேட்டு நம்ப வேண்டியதில்லை. எந்த பிளாக், எத்தனை முகவரி, என்று வழங்கியது என்ற பட்டியலை அப்னிக் தினமும் பொதுவில் வெளியிடுகிறது. அதில் அந்த பிளாக்கின் வரியைத் தேடுங்கள். 256 அல்லது 512 என்ற எண்ணிக்கையை அடுத்து எட்டு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் நான்கு ஆண்டு, பிறகு மாதம், நாள். 202211 என்று அது தொடங்கினால் கதை அங்கேயே முடிந்தது.

‘எல்ஓஏ தருகிறோம்’ என்பதுதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. அது அந்த பிளாக்கை உங்கள் நெட்வொர்க்கிலிருந்து அறிவிக்க அனுமதிக்கும் ஒரு கடிதம், அவ்வளவுதான். பதிவேட்டில் பெயர் அவர்களுடையதாகவே இருக்கும். ஆர்ஓஏவும் (எந்த நெட்வொர்க் அந்த முகவரிகளை அறிவிக்கலாம் என்ற பதிவு) ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸும் (முகவரிக்கு உரிய பெயரைக் காட்டும் பதிவு) அவர்கள் கையில். நாளை அவர்கள் ஆர்ஓஏவை வேறு ஏஎஸ் எண்ணுக்கு (நெட்வொர்க்கின் அடையாள எண்) மாற்றினால், சரிபார்க்கும் பெரிய நெட்வொர்க்குகள் உங்கள் ரூட்டைத் தள்ளிவிடும். அன்று இரவு வாடிக்கையாளர்களின் போன் உங்களுக்குத்தான் வரும். ஆண்டுக் கட்டணத்தை அவர்கள் கட்டாமல் விட்டாலும் முகவரி போய்விடும், உங்கள் 6.4 லட்சம் திரும்பாது.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. உங்கள் பெயரில் இதுவரை முகவரியே வாங்கியதில்லை என்கிறீர்கள். அப்படியானால் ஐரினில் உறுப்பினராகி, 512 வரை நீங்களே விண்ணப்பித்துப் பெற விதி இடம் தருகிறது. எங்கே, எதற்கு, எத்தனை என்ற திட்டத்தைக் காட்டவேண்டும், ஆண்டுக் கட்டணம் உண்டு. முகவரிக்கென்று விலை கிடையாது. அதே விண்ணப்பத்தோடு ஏஎஸ் எண்ணும் ஐபிவி6-ம் (புதிய தலைமுறை முகவரிகள்) கேளுங்கள். உங்களுக்காக ஒதுக்கிய பங்கு இருக்கும்போது அடுத்தவரின் பங்கை ஏன் விலைக்கு வாங்கவேண்டும்?

256 முகவரிகளே கிடைத்தாலும் போதுமா என்று தயங்கவேண்டாம். ஒரு ஐபியில் 65,536 போர்ட்டுகள் (இணைப்பு எண்கள்). முதல் ஆயிரத்துச் சொச்சத்தை ஒதுக்கிவிட்டு, வீட்டுக்கு 1,008 என்று சிஜிநாட்டில் (ஒரு ஐபியைப் பல வீடுகள் பகிரும் முறை) பிரித்தால் ஒரு ஐபியில் 64 வீடுகள். 1,800 வீடுகளுக்கு 29 முகவரிகள் போதும். மிச்சம், சிசிடிவிக்காக ஸ்டாடிக் (மாறாத) ஐபி கேட்கும் கடைகள், வங்கிக் கிளைகள், உங்கள் சர்வர்களுக்கு. வீட்டுக்கு நிரந்தரமாக ஒரு போர்ட் வரிசையைக் கட்டிவிட்டால் லாக் (எந்த முகவரியை யார் எப்போது பயன்படுத்தினார் என்ற பதிவு) அளவும் குறையும். உரிம நிபந்தனைப்படி 2 ஆண்டு லாக் வைக்கவேண்டிய உங்களுக்கு இது சின்ன விஷயமல்ல. வீடுகளுக்கு ஐபிவி6-ஐயும் திறந்துவிடுங்கள். யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் டிராஃபிக் பெரும்பாலும் அதில் போய்விடும், சிஜிநாட் பெட்டிக்குச் சுமை இறங்கும்.

இணைப்புகள் பல மடங்கு பெருகி, வாங்கித்தான் ஆகவேண்டும் என்ற நிலை வந்தால் வேறு கதை. அப்போது விற்பவரைத் தேடுவதற்கு முன் பதிவகத்திடம் போங்கள். அடுத்த 24 மாதங்களில் எப்படிப் பயன்படுத்துவீர்கள் என்று காட்டினால்தான் மாற்றத்துக்கு ஒப்புதல் கிடைக்கும். அதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். 256-க்குக் குறைந்த துண்டை மாற்ற முடியாது. அமெரிக்க, ஐரோப்பிய, லத்தீன் அமெரிக்கப் பதிவகங்களிலிருந்தும் வாங்கலாம், ஆப்பிரிக்கப் பதிவகத்திலிருந்து முடியாது. பணத்தை எஸ்க்ரோவில் (நடுவர் கணக்கில்) போடுங்கள், பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறிய பிறகே விற்பவருக்குப் போகட்டும். ஒப்பந்தத்துக்கு முன் அந்த பிளாக்கை ஸ்பேம்ஹாஸ் போன்ற தடைப்பட்டியல்களில் தேடுங்கள். ஸ்பேம் அனுப்பிக் கெட்டுப்போன பிளாக்கைச் சுத்தம் செய்ய மாதக்கணக்கில் ஆகும், அதுவரை உங்கள் வாடிக்கையாளரின் மெயில் போகாது.

சென்னை நிறுவனத்துக்கு முன்பணம் கொடுத்திருந்தால், பிளாக்கை வழங்கிய தேதியையும் ஐந்தாண்டு விதியையும் குறிப்பிட்டு எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். எல்ஓஏவை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.