பிளவு அண்ணத்துடன் பிறந்த மகளுக்குச் சேமிப்பு: செல்வமகள் கணக்கா, கையிருப்பா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறோம். எட்டு மாத மகளுக்குப் பிறவியிலேயே உதடும் அண்ணமும் (வாயின் மேற்கூரை) பிளவுபட்டிருந்தன. உதட்டு அறுவை சிகிச்சை புதுச்சேரியில் இலவசமாக முடிந்துவிட்டது. கணவரின் சம்பளம் மாதம் 22,000 ரூபாய். சீட்டுப் பணம் 1,50,000 ரூபாய் கையில் இருக்கிறது. அதை முழுவதும் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் போடலாமா?

பதில்: முழுவதையும் போட வேண்டாம். அது நல்ல திட்டம்தான். ஆனால் பெண்ணுக்கு 18 வயது நிறையும் வரை, அல்லது அவள் பத்தாம் வகுப்பு தேறும் வரை, படிப்புச் செலவுக்குக்கூட அதிலிருந்து பணம் எடுக்க இயலாது. உங்கள் மகளுக்கோ அதற்கு முந்தைய ஆண்டுகளில்தான் பணம் அதிகம் தேவைப்படும்.

அண்ணத்தை மூடும் அறுவை சிகிச்சை பொதுவாக 9 முதல் 18 மாதத்துக்குள் நடக்கும். அதன் பின் பேச்சுப் பயிற்சி. நடுச்செவியில் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறையும் வாய்ப்பு இருப்பதால் காதுப் பரிசோதனையும் வேண்டும். பள்ளியில் சேரும்போது அவள் பேசுவது மற்றவர்களுக்குப் புரிவதும், ஆசிரியர் சொல்வது அவள் காதில் விழுவதும்தான் அவளுடைய அன்றாட மகிழ்ச்சியைத் தீர்மானிக்கும் என்பதால், பணத்தில் முதல் உரிமையை இவற்றுக்கே கொடுங்கள். அறுவை சிகிச்சை இலவசமாகக் கிடைத்தாலும், புதுச்சேரிக்குப் போய் அங்கிருந்து இன்னொரு பேருந்தில் கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனைக்குச் செல்லும் செலவும், கணவர் சம்பளமில்லா விடுப்பு எடுக்கும் நாட்களின் இழப்பும் எந்த ரசீதிலும் வராது; நான் பார்த்த குடும்பங்களில் பயிற்சி பாதியில் நின்றதற்குக் கட்டணத்தைவிட இந்த அலைச்சலே காரணம். 2013 முதல் நடைமுறையில் உள்ள ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற அரசின் குழந்தைகள் நலவாழ்வுத் திட்டத்தில் 18 வயது வரையிலான குழந்தைகளின் உதடு, அண்ணப் பிளவுகளும் அடங்கும். அதன்கீழ் கடலூரிலேயே பேச்சுப் பயிற்சி கிடைக்குமா என்று அங்கன்வாடி வழியாக விசாரியுங்கள்.

சீட்டை இடையில் எடுத்திருந்தால், மீதித் தவணைகளுக்கான தொகையை முதலில் ஒதுக்குங்கள். அப்படி எதுவும் பாக்கியில்லை என்றால், 50,000 ரூபாயைக் குடும்ப அவசரத்துக்கு வங்கியில் வையுங்கள். 90,000 ரூபாயை மூன்று வைப்புநிதிகளாகப் பிரித்து ஓராண்டுக்குப் போட்டால், தேவைப்படும்போது ஒன்றை மட்டும் முறிக்கலாம். இது சிகிச்சைக்கான பணம். மீதி 10,000 ரூபாயில் செல்வமகள் கணக்கைத் தொடங்குங்கள். ஆண்டுக்கு 250 ரூபாய் செலுத்தினாலும் கணக்கு உயிரோடு இருக்கும்.

எட்டு வயதுக்குப் பிறகு ஈறில் எலும்பு வைத்துத் தைக்கும் சிகிச்சையும், தொடர்ந்து பல் வரிசையைச் சீராக்கும் கம்பியும் வரக்கூடும். மகளுக்கு நான்கு வயதாகும்போது அஞ்சலகத்தில் மாதம் 1,000 ரூபாய்க்குத் தொடர்வைப்பு தொடங்கினால், ஐந்தாண்டில் 60,000 ரூபாயும் வட்டியும் அதற்குக் கைகொடுக்கும்.

பல தனியார் மருத்துவக் காப்பீடுகள், பிறவியிலேயே வெளியே தெரியும் குறைபாடுகளுக்கான செலவை ஏற்பதில்லை. ஆகவே இந்தச் சிகிச்சையை நம்பிக் காப்பீடு எடுக்காதீர்கள். மற்ற நோய்களுக்காக எடுத்தால், விண்ணப்பத்தில் மகளின் பிளவை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால், பிற்பாடு வேறொரு நோய்க்குக் கேட்கும் தொகையும் மறுக்கப்படலாம்.