கூட்டம் இல்லாத கோல்ஃப் மைதானத்தில் யாருக்காக விளையாடுகிறார்கள்?

அன்புள்ள காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்குச் சொந்த ஊர் கீழக்கரை. வளைகுடாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிப்பு வேலை. பெரிய போட்டி வந்தால் டிவி வண்டிகளாலும் கூட்டத்தாலும் மைதானமே திணறும். ஒரு தடவை இரண்டாம் தரப் போட்டி ஒன்று நடந்தது, வேடிக்கை பார்க்க ஆளே இல்லை. ஆனால் எங்களுக்கு அதே வேலைதான்: விடியுமுன் புல் வெட்ட வேண்டும், தினமும் குழியை இடம் மாற்ற வேண்டும். யாரும் பார்க்காத போட்டியை எதற்கு நடத்துகிறார்கள்?

தம்பிக்கு,

வ அலைக்கும் ஸலாம். தேவிபட்டினத்தில் உட்கார்ந்து கோல்ஃப் பற்றி எழுதும் எனக்கு, புல்லைக் கையால் தொடுகிற ஒருவரின் கடிதம் வந்ததில் ரொம்ப சந்தோஷம்.

ஐரோப்பாவின் இரண்டாம் தரச் சுற்று (வருடம் முழுக்க ஊர் ஊராக நடக்கும் போட்டித் தொடர்) 1986-ல் சேட்டிலைட் டூர் என்று தொடங்கி, 1990-ல் சேலஞ்ச் டூர் ஆனது. வருடக் கடைசியில் அதற்கு ஒரு கிராண்ட் ஃபைனல் உண்டு. அது பணம் போடுகிறவர்களைத் தேடி இடம் மாறிக்கொண்டே இருந்த போட்டி. 2012 வரை சில வருடங்கள் இத்தாலியின் சான் டொமெனிகோவில் நடந்தது. அப்புறம் உங்கள் பக்கம் வந்துவிட்டது: 2013-லும் 2014-லும் துபாய், அடுத்த மூன்று வருடம் மஸ்கட், 2018-ல் ராஸ் அல் கைமா. 2019-ல் ஸ்பெயினின் மயோர்கா தீவுக்குப் போனது. துபாயில் நடந்த முதல் வருடம் ஜெயித்தவர் நம் நாட்டு ஷிவ் கபூர். நம் பத்திரிகைகள் அதை இன்னும் பெரிதாகக் கொண்டாடியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

சரி, யாருக்காக நடத்துகிறார்கள்? ராஸ் அல் கைமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் தரவரிசையில் முதல் 45 பேர்தான் அங்கே விளையாட முடியும். போட்டி முடிந்ததும் தரவரிசையில் முதல் 15 பேருக்கு அடுத்த வருடம் ஐரோப்பாவின் முதல் தரச் சுற்றில் இடம். ஆத்ரி ஆர்னௌஸ் அன்று கோப்பையை வாங்கினார். ஆனால் என் கண் 15-ம் இடத்துக்கும் 16-ம் இடத்துக்கும் நடுவில்தான் போகும். 15-ம் ஆள் பெரிய மைதானங்களுக்குப் போவார். 16-ம் ஆள் பெரும்பாலும் திரும்பவும் இதே சுற்றில், விமான டிக்கெட், ஹோட்டல், கேடியின் (மட்டைப் பையைச் சுமந்து வரும் உதவியாளர்) சம்பளம் எல்லாம் கைக்காசில் கொடுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைய வேண்டும். வழக்கமான போட்டிகளில் முதல் இரண்டு நாளில் கட் (மேற்கொண்டு விளையாடத் தேவையான ஸ்கோர் வரம்பு) தாண்டவில்லை என்றால் பரிசுப் பணமும் கிடையாது. நான்கு அடி தூரத்துப் பட் (பந்தைக் குழிக்குள் மெல்ல உருட்டிவிடும் ஷாட்) ஒன்று ஒரு குடும்பத்தின் அடுத்த வருடத்தையே தீர்மானிக்கும். மேஜர் எனப்படும் வருடத்தின் நான்கு மிகப் பெரிய போட்டிகளில் ஏற்கெனவே கோடிகள் சேர்த்த ஒருவர் தவறவிடும் பட் ஷாட்டை விட எனக்கு இதுதான் கனமானது.

இந்தச் சுற்றை மிதித்து மேலே போனவர்களில் புரூக்ஸ் கெப்கா ஒருவர். அமெரிக்கர், ஆனால் சொந்த நாட்டில் வழி திறக்காமல் ஐரோப்பாவுக்கு வந்தார். 2012-ல் ஸ்பெயினில் ஒரு வெற்றி, 2013-ல் இத்தாலி, ஸ்பெயின், ஸ்காட்லாந்தில் மூன்று. ஒரே வருடத்தில் மூன்று ஜெயித்தால் உடனே மேல் சுற்றுக்குப் பதவி உயர்வு, வருட முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். அவர் அப்படித்தான் போனார். அதன் பிறகு ஐந்து மேஜர் பட்டம். 2023 கிராண்ட் ஃபைனலை ஜெயித்த மார்கோ பெஞ்ச் 2025-ல் முதல் தரச் சுற்றிலேயே மூன்று பட்டம் வென்றார்.

இவர்களுக்குக் கிடைத்த மைதானம் ஒழுங்காக இருந்ததால்தான் இதெல்லாம் நடந்தது. குழியின் அகலம் எந்தப் போட்டியிலும் 4.25 அங்குலம்தான். கூட்டம் இல்லை என்று நீங்கள் புல்லை ஏனோதானோ என்று வெட்டியிருந்தால், யாருக்கோ பந்து விலகி ஓடியிருக்கும். நம் கடற்கரை ஊர்களில் பையன்கள் ஊர்க் கோப்பைக்காக ஆடும்போது பந்தலும் கோடும் போடுகிறவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. அது எனக்கு எப்போதும் வருத்தம்தான்.

ஒரு வேலை தருகிறேன், செய்வீர்களா? உங்கள் மைதானத்தில் மறுபடியும் இப்படி ஒரு போட்டி வந்தால், இரண்டாம் நாள் மாலை ஸ்கோர் போர்டைப் பாருங்கள். கட் வரம்பை ஒரே ஷாட் வித்தியாசத்தில் தாண்டியவர்கள், ஒரே ஷாட்டில் தவறவிட்டவர்கள் பெயர்களை எழுதி அனுப்புங்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து அவர்கள் எங்கே விளையாடுகிறார்கள் என்று நான் தேடி எழுதுகிறேன்.