பைக் டேங்க்கில் கீறல் விழாமலிருக்க பிபிஎஃப் ஒட்டலாமா? வீட்டிலேயே ஒட்ட முடியுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: பைக் வாங்கி ஒரு மாதம் ஆகிறது. டேங்க்கின் இரு பக்கமும் முழங்கால் உரசுமிடத்தில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் தெரிகின்றன. பெயின்ட் ப்ரொடெக்‌ஷன் ஃபிலிம், அதாவது பிபிஎஃப் ஒட்டினால் இது நிற்குமா, அதை வீட்டிலேயே ஒட்டலாமா?

நிற்கும். வீட்டிலேயே ஒட்டவும் செய்யலாம். ஆனால் வண்டி முழுக்க ஒட்ட ஆசைப்பட வேண்டாம். காருக்கு எதிரி முன்னே போகும் வண்டி தெறிக்கும் கல். பைக்குக்கு முதல் எதிரி அதை ஓட்டுபவரேதான். ஜீன்ஸ் தையல், சட்டையின் ஜிப், பெல்ட் பக்கிள், இக்னிஷனில் தொங்கும் சாவிக்கொத்து, டேங்க் பேக்கின் அடியில் சிக்கிய தூசி, ஷூவின் குதிகால், ஏறும்போது வாலில் உரசும் பின்சீட்டுக்காரரின் கால். உரசும் இடத்தில் மட்டும் சரியான அளவுத் துண்டுகளை, ஓரம் தூக்காமல் ஒட்டினால் பாதுகாப்பில் பெரும் பங்கு கிடைத்துவிடும்.

இடங்களை முடிவு செய்ய ஒரு எளிய வழி: வண்டியில் உட்கார்ந்து முழங்காலை இறுக்கி, குனிந்து, ஹேண்டில் பாரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். முழங்கால் குழி (டேங்க்கில் முழங்கால் பதியும் பள்ளம்), டேங்க்கின் பின்சரிவு, பெட்ரோல் மூடியைச் சுற்றிய வளையம், ஷூ தொடும் சைடு பேனல், வாலின் மேல்பகுதி ஆகியவை கட்டாயம். ஹேண்டிலைத் திருப்பும்போது கேபிளும் வயரும் எங்கே தொடுகின்றன என்பதையும் பாருங்கள். ஃப்ரேம் பெயின்ட் அங்கேதான் சத்தமில்லாமல் தேயும். நெடுஞ்சாலையில் அதிகம் ஓட்டுபவர்கள் முன் மட்கார்டு, ஹெட்லைட், ஃபேரிங் (காற்றைக் கிழிக்கும் முன்பக்க உறை) இருந்தால் அதன் மூக்கு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒட்டக்கூடாத இடங்களும் உண்டு. சைலன்சர் கவர், இன்ஜின் உறை போன்ற சூடாகும் பாகங்களில் பசை இளகிப் பழுப்பாகிவிடும். பெயின்ட் அடிக்காத சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கில் பசைக்குப் பிடிமானமே கிடைக்காது. விண்ட்ஷீல்டில் கண் பார்க்கும் உயரத்துக்கு வேண்டாம். இரவில் எதிர் வண்டியின் வெளிச்சம் சிதறும்.

ஃபிலிமைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நல்ல பிபிஎஃப் என்பது டிபியு எனப்படும் தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன். மொத்தத் தடிமன் பெரும்பாலும் 150 முதல் 200 மைக்ரான் வரை இருக்கும். மேலே கீறல் தானாக மறையும் பூச்சு, நடுவில் டிபியு, அடியில் அக்ரிலிக் பசை, கடைசியில் உரித்தெறியும் லைனர். பெயின்ட்டின் மேல் திரவமாகப் பூசும் செராமிக் கோட்டிங்கையும் இதையும் ஒப்பிட்டுக் குழம்புகிறார்கள். செராமிக் ஓரிரு மைக்ரான் தடிமன்தான். தண்ணீர் ஓடும், அழுக்கு ஒட்டாது, ஆனால் பக்கிள் உரசலைத் தாங்காது. பிபிஎஃப் அடியையும் உரசலையும் தன்மீது வாங்கிக்கொள்கிறது.

பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் பிவிசி ஃபிலிமும் இதே பெயரில் கிடைக்கிறது. அது வெயிலில் மஞ்சளித்து, விறைத்து, கழற்றும்போது சில்லுச்சில்லாக உடையும். சோதிக்க விரல் அகலத் துண்டு போதும். ஒன்றரை மடங்கு இழுத்து விடுங்கள்: டிபியு மெதுவாகப் பழைய நீளத்துக்கு வரும், பிவிசி இழுத்தபடியே நிற்கும். அடுத்து பித்தளை பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்து அதன்மேல் சுடுதண்ணீர் ஊற்றுங்கள். கோடுகள் கண்முன் மறைந்தால் மேற்பூச்சு நல்லது. மேட் பெயின்ட் வண்டிக்கு மேட் ஃபிலிம்தான் வாங்க வேண்டும். பளபளப்பு ஃபிலிம் ஒட்டினால் அந்த இடம் மட்டும் ஈரமானது போல் தெரியும். மேட் பெயின்ட்டில் கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டு எடுக்க வழியில்லை என்பதால், பிபிஎஃப் மிகவும் தேவைப்படுவதும் அதற்குத்தான்.

ஒட்டும் முன் இரண்டு விஷயம் உறுதி செய்யுங்கள். ஒன்று, பெயின்ட்டின் வயது. கம்பெனி பெயின்ட் அதிக வெப்பத்தில் சுட்டெடுத்தது. வண்டி வந்த அன்றே ஒட்டலாம். விபத்துக்குப் பின் மறுபடி பெயின்ட் அடித்த பாகம் என்றால் குறைந்தது 30 நாள் விடுங்கள். இல்லையென்றால் உள்ளே இருக்கும் தின்னர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் ஃபிலிமுக்கு அடியில் கொப்புளமாக நிற்கும். இரண்டு, ஸ்டிக்கர். டேங்க்கில் இருக்கும் எழுத்தின் ஓரத்தில் நகத்தை வைத்து ஓட்டுங்கள். நகம் தட்டாமல் வழுக்கினால் அது கிளியர் கோட்டுக்கு (நிறத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு) அடியில் இருக்கிறது, பயமில்லை. தட்டினால் ஸ்டிக்கர் மேலே இருக்கிறது. ஃபிலிமைக் கழற்றும் நாளில் அதுவும் கூட வரும். அதோடு ஸ்டிக்கரின் விளிம்பை ஒட்டி மெல்லிய காற்றுக் கோடும் நிற்கும். அந்த இடத்தைத் தவிர்த்துத் துண்டை வெட்டுங்கள்.

தேவையான பொருட்கள் அதிகமில்லை. இரண்டு ஸ்ப்ரே பாட்டில், மென்மையான ரப்பர் ஸ்க்வீஜி (தண்ணீரைத் தள்ளி வெளியேற்றும் பட்டை) ஒன்று, ஓரத்துக்குச் சின்னதாகக் கொஞ்சம் கடினமானது ஒன்று, நூல் பிரியாத மைக்ரோஃபைபர் துணி நான்கைந்து, கிளே பார் (பெயின்ட்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் போன்ற கட்டி), ஐசோப்ரொபைல் ஆல்கஹால், குழந்தைகளுக்கான ஷாம்பு, டேப், மாதிரி வெட்டப் பிளாஸ்டிக் தாள். முதல் பாட்டில் வழுக்கும் கரைசல்: 1 லிட்டர் சுத்திகரித்த தண்ணீரில் 10 சொட்டு ஷாம்பு. விரல்களுக்கு நடுவே தேய்த்தால் வழுக்க வேண்டும். நுரை பொங்கினால் அதிகம். இரண்டாவது பிடிக்கும் கரைசல்: 9 பங்கு தண்ணீர், 1 பங்கு ஐசோப்ரொபைல். உப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், காய்ந்தபின் உள்ளே வெள்ளைப் புள்ளியாக நிற்கும்.

மாதிரியை வண்டியின் மேலேயே எடுங்கள், ஃபிலிமை மட்டும் மேசையில் வெட்டுங்கள். பெயின்ட்டின் மேல் வைத்து பிளேடு போடுவது கைதேர்ந்தவர்களே தடுமாறும் வேலை; கம்பெனி கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான்தான், பிளேடு ஒரு முறை ஆழமாக இறங்கினால் அந்தக் கோடு வண்டியோடு நிலைத்துவிடும். பிளாஸ்டிக் தாளை டேங்க்கில் டேப் போட்டு ஒட்டி, பேனாவால் வரைந்து, பாகத்தின் விளிம்பிலிருந்து 2 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வெட்டுங்கள். விளிம்பு வரைக்கும் போனால் கையும் துணியும் முதலில் அங்கேதான் மாட்டும். மூலைகள் எல்லாம் வட்டமாக இருக்கட்டும், ஒரு நாணயத்தை வைத்து வரைந்த அளவுக்கு. கூர்மையான மூலை எவ்வளவு நல்ல ஃபிலிமிலும் தூக்கும். இடது பக்கத்துக்கு வெட்டிய மாதிரியைத் திருப்பிப் போட்டால் வலது பக்கம் கிடைத்துவிடும், டேங்க் இரு பக்கமும் ஒரே வடிவமாக இருந்தால்.

சுத்தம் செய்வதற்கு ஒட்டுவதைவிட அதிக நேரம் ஒதுக்குங்கள். ஷாம்பு போட்டுக் கழுவி, தார்ப் புள்ளிகளை எடுத்து, ஈரத்தோடு கிளே பார் ஓட்டி, கையால் தடவினால் கண்ணாடி மாதிரி வழுக்கும் வரை கொண்டுவர வேண்டும். இப்போது தெரியும் மெல்லிய கோடுகளை இந்தக் கட்டத்திலேயே பாலிஷ் போட்டு எடுத்துவிடுங்கள். மிக மெலிதானவற்றைப் பசை நிரப்பி மறைக்கும். நகம் தட்டும் கோடு உள்ளேயே பூட்டப்பட்டுவிடும். கடைசியில் ஐசோப்ரொபைலால் துடையுங்கள். மெழுகோ செராமிக்கோ மிச்சம் இருந்தால் பசை பிடிக்காது. செராமிக் போட விருப்பம் இருந்தால் ஃபிலிமின் மேல் போடலாம்.

அறையில் ஃபேன் ஓடக்கூடாது. தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குங்கள். டேங்க் குளிர்ந்திருக்க வேண்டும். ஓட்டிவந்த சூட்டில் கரைசல் உடனே காய்ந்து, பசை வைத்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும்.

இதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்: டேங்க்கில் பெட்ரோல் ஆவி இருக்கிறது, கையிலும் பாட்டிலிலும் ஆல்கஹால் இருக்கிறது. மூடியைக் கழற்றிவைத்த டேங்க்கின் பக்கத்தில் ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) வேண்டாம். காற்று வெளியேறும் குழாய் இருக்கும் பக்கமும் வேண்டாம். சூடு தேவைப்படும் இடத்தில் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை வைத்து எடுங்கள்; டேங்க்கின் வளைவுக்கு அந்தச் சூடே போதும்.

இப்போது ஒட்டுவது. விரல்களையும் நனைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பசையில் விரல் ரேகை பதியும். லைனரை உரிக்க உரிக்கப் பசைப் பக்கம் முழுதும் வழுக்கும் கரைசலைத் தெளியுங்கள், டேங்க்கிலும் தாராளமாகத் தெளியுங்கள். துண்டை வைத்ததும் அது தண்ணீரில் மிதக்கும், இடத்துக்கு நகர்த்துங்கள். முழங்கால் குழி உள்வாங்கிய வளைவு. அதில் முதலில் குழியின் அடியைப் பிடிக்க வேண்டும். அங்கே மட்டும் ஃபிலிமை லேசாகத் தூக்கி, பிடிக்கும் கரைசலைத் தெளித்து, ஒரு கைவிரல் நீளத்துக்கு ஸ்க்வீஜியால் அழுத்தி அரை நிமிடம் விடுங்கள். அதுதான் நங்கூரம். பிறகு ஃபிலிமின் மேற்பக்கத்தையும் நனைத்து, அங்கிருந்து வெளிப்பக்கமாக, ஒவ்வொரு இழுப்பும் முந்தையதன் மேல் பாதி ஏறும்படி தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போங்கள். மாறாக ஓரங்களை முதலில் ஒட்டினால் குழியின் மேல் ஃபிலிம் மேளத்தோல் மாதிரி விறைத்து நிற்கும். அழுத்தினால் ஒட்டும், மறுநாள் வெயிலில் மறுபடி எழும்பும்.

வெளிப்புறம் உருண்ட வளைவில் ஓரத்தில் மடிப்பு வரும். மடிப்பை ஸ்க்வீஜியால் நசுக்காதீர்கள். ஃபிலிம் தட்டையாக இருக்கும் இடம் வரை தூக்கி, மறுபடி நனைத்து, இழுவையை இரண்டு பக்கமும் சமமாகப் பகிர்ந்து இறக்குங்கள். ஒரு பெரிய மடிப்பை நாலைந்து சின்ன மடிப்பாகப் பிரித்தால் வெதுவெதுப்பான துணி வைத்ததும் படிந்துவிடும். இழுக்க முடிகிறதே என்று இழுத்துவிடவும் கூடாது: அதிகம் இழுத்த இடத்தில் பசையில் கோடு விழும், அது போகாது. ஃபிலிமும் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்த்து ஓரத்தைத் தூக்கும். பெட்ரோல் மூடியைச் சுற்றி ஒரே வளையமாக ஒட்டுவதைவிட இரண்டு அரைவட்டமாக ஒட்டுவது எளிது. மூடி வளையத்தின் வெளிவட்டத்துக்கு 3 மில்லிமீட்டர் தள்ளியே நிறுத்துங்கள். சிந்தும் பெட்ரோல் ஓரத்தின் வழியாகத்தான் உள்ளே போய்ப் பசையை இளக்கும்.

முடித்ததும் டார்ச் வைத்துச் சாய்வாகப் பாருங்கள். பால் மாதிரி மங்கலும் சின்னத் தண்ணீர்க் கொப்புளமும் ஓரிரு வாரத்தில் தானாக வற்றும், தொட வேண்டாம். அழுத்தினால் நகர்ந்து திரும்பி வரும் பளிச்சென்ற கொப்புளம் காற்று, அது வற்றாது. பசை இறுகும் முன் அந்த இடம் வரை தூக்கி நனைத்து மறுபடி இறக்க வேண்டும். நடுவில் புள்ளியோடு கூடாரம் போல் நிற்பது தூசி. அதையும் உடனே தூக்கிக் கரைசலால் அடித்து வெளியேற்றுங்கள். மறுநாள் தூக்கினால் பசை தழும்பாகும். நாலைந்து தூசிப் புள்ளிக்காகத் துண்டையே மாற்ற வேண்டியதில்லை, இரண்டடி தள்ளி நின்றால் தெரியாது.

24 மணி நேரம் கழித்து எல்லா ஓரத்தையும் துணி சுற்றிய விரலால் இன்னொரு முறை அழுத்துங்கள். ஒரு வாரம் கழுவாமல், முழங்காலை இறுக்காமல் இருப்பது நல்லது. பிறகு பிரஷர் வாஷர் பயன்படுத்தினால் ஓர் அடிக்கு மேல் தள்ளி, ஓரத்துக்கு எதிராக அடிக்காமல் பிடியுங்கள். வாட்டர் வாஷ் முடிந்ததும் டீசலோ மண்ணெண்ணெயோ தடவிப் பளபளப்பாக்கும் பழக்கம் உள்ள இடத்தில் முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவை பசையைக் கெடுக்கும். பறவை எச்சமும் பூச்சியும் ஃபிலிமிலும் கறை போடும், அன்றைக்கே ஈரத்துணி வைத்து ஊறவிட்டு எடுங்கள். மெல்லிய உரசல் கோடுகளுக்கு வெயிலில் நிறுத்தினாலே போதும். ஃபிலிமை அறுத்துக்கொண்டு போன வெட்டு மட்டும் ஆறாது. அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். சின்னத் துண்டுகளாக ஒட்டச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஓரத்தில் அழுக்குக் கறுப்புக் கோடு சேர்ந்தால் மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷை ஷாம்பு நீரில் நனைத்து, ஃபிலிமின் உள்ளிருந்து வெளிப்பக்கமாக மட்டும் தேயுங்கள். எதிர்த் திசையில் தேய்த்தால் அழுக்கு அடியில் புகும், பிறகு அந்த ஓரம் தூக்குவதை நிறுத்த முடியாது.

ஃபிலிம் மஞ்சளித்து, தொட்டால் விறைப்பாகத் தெரிந்தால் அது உடையத் தொடங்கும் வரை காத்திருக்காமல் கழற்றிவிடுங்கள். சுடுதண்ணீர்த் துணியால் வெதுவெதுப்பாக்கி, ஒரு மூலையைத் தூக்கி, மேல்நோக்கிப் பிடுங்காமல் பின்பக்கமாக மடித்து மெதுவாக இழுங்கள். பசை மிச்சம் இருந்தால் ஐசோப்ரொபைலில் நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்து, கட்டைவிரலால் உருட்டி எடுங்கள், தின்னர் வேண்டாம். மறுபெயின்ட் அடித்த பாகத்தில் பெயின்ட்டின் பிடிமானமே பலவீனமாக இருக்கலாம் என்பதால், அங்கே இன்னும் நிதானமாக, சென்டிமீட்டர் சென்டிமீட்டராக இழுங்கள். பெயின்ட் துணுக்கு பசையோடு வருவதைப் பார்த்தால் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு, வேறு மூலையிலிருந்து தொடங்குங்கள்.